காரணி மதிப்பெண்கள்: வினாநிரலும் கையுமாக நிற்பவர்களுக்கான கேள்வி பதில்

பினாங்கில் வேலை பார்த்துக்கொண்டே முதுகலை, முனைவர் பட்டம் செய்யும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் நிறைய பேர். சனிக்கிழமை காலைகளில் குளுகோரில், யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) வளாகத்துக்குப் பக்கத்தில் உள்ள மாமாக் கடையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து அவர்களோடு உட்காருவது எனக்குப் பல வருடப் பழக்கம். கூகள் ஃபார்மில் வினாநிரல் தயாரித்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி, பதில்களை வாங்கிவிடுவார்கள். சேர்ந்து ஏறி இறங்கும் பதில்களைக் கொத்துகளாகப் பிரித்துக் காட்டும் காரணிப் பகுப்பாய்வும் ஓட்டிவிடுவார்கள். "டீச்சர், மூணு காரணி வந்திருக்கு. இப்ப ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு எண் வேணும், அதை எப்படி எடுக்கிறது?" என்ற இடத்தில்தான் வண்டி நிற்கும். அந்தக் கேள்வியையும் அதன் வாலைப் பிடித்து வரும் மற்றக் கேள்விகளையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எடுத்துக்காட்டில் வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. கணக்குகளை நீங்களே கையால் சரிபார்க்கலாம்.

காரணி மதிப்பெண் என்றால் என்ன?

எடுத்துக்காட்டாக, வாசிப்பு ஆர்வத்தை யாரும் நேரில் பார்க்க முடியாது. கண்ணில் படுவது அதைச் சுற்றிக் கேட்ட கேள்விகளுக்கு வந்த பதில்கள்தான். அந்தப் பதில்கள் ஒன்றோடொன்று சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்றால், அவற்றுக்குப் பின்னால் பொதுவாக ஏதோ ஒன்று இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். அதுதான் காரணி. ஒரு குறிப்பிட்ட மாணவரிடம் அது எந்த அளவில் இருக்கக்கூடும் என்று அவருடைய பதில்களிலிருந்து மதிப்பிட்டுச் சொல்லும் எண்ணே காரணி மதிப்பெண்.

"மதிப்பிட்டு" என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். உயரத்தை நாடா வைத்து அளப்பதும் இதுவும் ஒன்றல்ல. காரணிப் பகுப்பாய்வின் தொடக்கம் 1904இல் சார்ல்ஸ் ஸ்பியர்மன் பொது அறிவுத்திறன் பற்றி எழுதிய கட்டுரை. ஆள் ஆளுக்கு எண் கொடுப்பது எப்படி என்ற கேள்விக்கு இன்று மென்பொருளில் கிடைக்கும் விடைகள் அதற்கு ரொம்பப் பிறகு வந்தவை: தர்ஸ்டனின் ரிக்ரெஷன் முறை 1935, பார்ட்லெட் முறை 1937, ஆண்டர்சன்-ரூபின் முறை 1956. ஒரே கேள்விக்கு மூன்று விடைகள் இருக்கின்றன என்பதிலேயே, 'சரியான ஒரே எண்' என்று ஒன்று இல்லை என்பது தெரிந்துவிடுகிறது.

எல்லாப் பதிலையும் கூட்டி, கேள்வி எண்ணிக்கையால் வகுத்தால் போதாதா?

பல நேரம் போதும். ஆனால் என்ன விடுபட்டுப்போகிறது என்று தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். நான்கே கூற்றுகள் உள்ள ஒரு சிறு வினாநிரலை எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் 1 முதல் 5 வரை பதில் சொல்கிறார்கள். லோடிங் என்பது, அந்தக் கூற்று காரணியோடு எவ்வளவு ஒட்டி நிற்கிறது என்று பகுப்பாய்வு தரும் எண். திட்ட விலக்கம் என்பது, பதில்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பது.

முதல் கூற்று: "பாடநூல் அல்லாத தமிழ்ப் புத்தகங்களை விரும்பி வாசிக்கிறேன்." லோடிங் 0.8. சராசரி 3.2, திட்ட விலக்கம் 0.8.
இரண்டாவது: "நல்ல கதைப் புத்தகம் கிடைத்தால் கைப்பேசியை ஒதுக்கி வைத்துவிடுவேன்." லோடிங் 0.7. சராசரி 4.0, திட்ட விலக்கம் 1.0.
மூன்றாவது: "படித்த கதையை வீட்டில் சொல்வேன்." லோடிங் 0.6. சராசரி 3.5, திட்ட விலக்கம் 1.0.
நான்காவது: "நூலகத்துக்குக் கூட்டிப் போகச் சொல்லிப் பெற்றோரிடம் கேட்பேன்." லோடிங் 0.5. சராசரி 3.0, திட்ட விலக்கம் 1.25.

நான்காவதற்கு ஏன் லோடிங் குறைவு என்று யோசித்துப் பாருங்கள். செபராங் ஜெயாவில் பொது நூலகத்தின் பக்கத்திலேயே குடியிருக்கும் பிள்ளை கேட்கும். நிபோங் தெபாலில் இருக்கும் பிள்ளை, அப்பாவுக்கு ஷிஃப்ட் வேலை என்று தெரிந்து, கேட்காமலே இருந்துவிடும். அந்தப் பதிலில் ஆர்வம் பாதி, போக்குவரத்து பாதி. வெறுமனே கூட்டும்போது முதல் கூற்றுக்கும் இதற்கும் ஒரே எடை கொடுத்துவிடுகிறோம்.

ஒரு மாணவி 4, 5, 3, 4 என்று பதில் சொல்கிறாள். ஒரு மாணவன் 3, 4, 4, 5 என்கிறான். கூட்டினால் இருவருக்கும் 16. சராசரி இருவருக்கும் 4.0.

இனிக் காரணி மதிப்பெண். முதலில் ஒவ்வொரு பதிலிலிருந்தும் அந்தக் கூற்றின் சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுக்க வேண்டும். மாணவிக்கு 1.0, 1.0, -0.5, 0.8 என்று வரும். மாணவனுக்கு -0.25, 0, 0.5, 1.6. அடுத்து எடைகள். ஒற்றைக் காரணிக்கு ரிக்ரெஷன் முறையில் வரும் எடைகள் முறையே 0.480, 0.296, 0.202, 0.144. பெருக்கிக் கூட்டினால் மாணவிக்கு 0.79, மாணவனுக்கு 0.21.

ஒரே 16, இரண்டு வேறு எண்கள். நேரடியாக ஆர்வத்தைக் கேட்ட கூற்றுகளில் மாணவி உயர்ந்து நிற்கிறாள். மாணவனுக்கு மதிப்பெண் ஏறியது பெரும்பாலும் நூலகக் கேள்வியால். (இந்த வித்தியாசத்தை நம்பி முடிவெடுத்துவிடாதீர்கள். கீழே இதே இரண்டு பிள்ளைகளிடம் திரும்பி வருவேன்.)

லோடிங் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருந்தால், கூட்டுத்தொகையும் காரணி மதிப்பெண்ணும் ஏறக்குறைய ஒரே வரிசையைத்தான் தரும். அப்போது கூட்டுத்தொகையை வைத்துக்கொள்ளுங்கள். விளக்குவது எளிது, அடுத்த ஆய்வாளர் திரும்பச் செய்வதும் எளிது.

எடை எங்கிருந்து வந்தது? எனக்குச் சூத்திரம் வேண்டும்.

ஒற்றைக் காரணிக்கு மட்டும் சொல்கிறேன், அதுவே கருத்தைக் காட்டிவிடும். ஒவ்வொரு கூற்றுக்கும் லோடிங்கின் வர்க்கத்தை 1இலிருந்து கழியுங்கள். மிஞ்சுவது அந்தக் கூற்றின் தனிப் பங்கு. நம் எடுத்துக்காட்டில் 0.36, 0.51, 0.64, 0.75. லோடிங்கைத் தனிப் பங்கால் வகுத்தால் 2.222, 1.373, 0.938, 0.667. லோடிங்கின் வர்க்கத்தைத் தனிப் பங்கால் வகுத்து நான்கையும் கூட்டினால் 3.634. 2.222 முதலான அந்த நான்கு எண்களையும் 3.634ஆல் வகுத்தால் பார்ட்லெட் எடைகள். அதோடு ஒன்று சேர்த்து 4.634ஆல் வகுத்தால் ரிக்ரெஷன் எடைகள். அவ்வளவுதான்.

லோடிங் 0.8க்கும் 0.5க்கும் உள்ள வித்தியாசம் பார்வைக்குச் சின்னது. எடையில் அது 0.480க்கும் 0.144க்குமாகப் பெருகிவிட்டது, மூன்று மடங்குக்கும் மேல்.

எஸ்பிஎஸ்எஸ் புள்ளியியல் மென்பொருளில் எங்கே போய் எதை அழுத்த வேண்டும்?

அனலைஸ், அதற்குள் டைமென்ஷன் ரிடக்ஷன், அதற்குள் ஃபேக்டர். கூற்றுகளைப் பெட்டிக்குள் தள்ளுங்கள். வலப்பக்கப் பொத்தான்களில் 'ஸ்கோர்ஸ்' என்பதைத் திறந்து 'சேவ் ஆஸ் வேரியபிள்ஸ்' என்பதில் டிக் போட்டால் ரிக்ரெஷன், பார்ட்லெட், ஆண்டர்சன்-ரூபின் மூன்றும் தெரியும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கீழே 'டிஸ்பிளே ஃபேக்டர் ஸ்கோர் கோஎஃபிஷியன்ட் மேட்ரிக்ஸ்' என்று இன்னொரு டிக் இருக்கும். அதையும் கட்டாயம் போடுங்கள், பின்னால் தேவைப்படும். ஓட்டிய பிறகு தரவுத் தாளின் கடைசியில் ஃபேக் 1_1, ஃபேக் 2_1 என்று புதிய நெடுவரிசைகள் சேர்ந்திருக்கும். முதல் எண் எத்தனையாவது காரணி என்பது, அடிக்கோட்டுக்குப் பின்னால் வருவது எத்தனையாவது தடவை ஓட்டினீர்கள் என்பது. ஏழு தடவை ஓட்டிப் பார்த்தவரின் தாளில் ஏழு தொகுதிகள் இருக்கும். எது இறுதியானது என்று அன்றைக்கே பெயர் மாற்றி வைத்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்பு ஒரு விஷயம். 'எக்ஸ்ட்ராக்ஷன்' பொத்தானைத் திறந்து பாருங்கள். நீங்கள் ஒன்றும் மாற்றாவிட்டால் எஸ்பிஎஸ்எஸ் செய்வது காரணிப் பகுப்பாய்வே அல்ல, முதன்மைக் கூறு பகுப்பாய்வு. பின்னால் ஒரு காரணி இருப்பதாகக் கொள்ளாமல், பதில்களையே சுருக்கித் தருவது அது. அதில் மூன்று முறைகளும் ஒரே எண்ணைத்தான் தரும். "பார்ட்லெட்டும் போட்டேன், ரிக்ரெஷனும் போட்டேன், ஒரு புள்ளிகூட மாறல" என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பின்னால் ஒரு பொதுக் காரணி இருக்கிறது என்ற எண்ணத்தில் ஆய்வு செய்கிறவர்கள் பிரின்சிபல் ஆக்சிஸ் அல்லது மேக்சிமம் லைக்லிஹுட் என்று மாற்றிவிட்டு ஓட்ட வேண்டும்.

எனக்குப் பாதிப் பேருக்கு மைனஸ் வந்திருக்கிறது. தப்பா?

தப்பில்லை. இந்த எண்களின் சராசரி எப்போதும் 0. சராசரிக்குக் கீழே இருப்பவருக்கு மைனஸ் வரும். ஆர்வமே இல்லை என்று அதற்குப் பொருள் கிடையாது. இந்தக் கூட்டத்தின் நடுப்பகுதிக்குக் கீழே இருக்கிறார், அவ்வளவுதான். பெற்றோர் சங்கக் கூட்டத்தில் மைனஸ் எண்ணைக் காட்டினால் வீண் சச்சரவு வரும். நெடுவரிசையை முதலில் அதன் சொந்தத் திட்ட விலக்கத்தால் வகுத்து, 10ஆல் பெருக்கி, 50 கூட்டிக்கொண்டால் சராசரி 50, திட்ட விலக்கம் 10 என்று ஆகிவிடும். வரிசை மாறாது.

மூன்று முறைகளில் எதை எடுப்பது?

ரிக்ரெஷன் முறை, உண்மைக் காரணியோடு மிக நெருக்கமாக ஒத்துப்போகும் எண்ணைத் தருகிறது. விலையாக எல்லாரையும் கொஞ்சம் நடுவை நோக்கி இழுக்கிறது. நம் மாணவிக்கு ரிக்ரெஷனில் 0.79, பார்ட்லெட்டில் 1.01. ஒற்றைக் காரணி என்றால் எல்லாருக்குமே இந்த விகிதம் ஒன்றுதான், ஆகவே வரிசை மாறாது. பார்ட்லெட் அப்படி இழுக்காது. உண்மை அளவு ஒன்றாக உள்ள பலருக்குக் கணக்கிட்டால் அவர்களின் சராசரி அந்த உண்மை அளவிலேயே விழும். ஆனால் எண்கள் அதிகமாகச் சிதறும். நம் எடுத்துக்காட்டில் ரிக்ரெஷன் எண்களின் திட்ட விலக்கம் 0.89, பார்ட்லெட்டில் 1.13.

ஆண்டர்சன்-ரூபின் முறை, காரணி மதிப்பெண்கள் ஒன்றோடொன்று சிறிதும் தொடர்பில்லாமல், திட்ட விலக்கம் சரியாக 1ஆக வரும்படி செய்கிறது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் வாசிப்பு ஆர்வம், மொழிப் பற்று, வீட்டு ஆதரவு மூன்றும் உண்மையில் தொடர்பே இல்லாமலா இருக்கும்? காரணிகள் தங்களுக்குள் தொடர்போடு இருக்க இடம் தரும், ஆப்ளிமின் போன்ற சாய்வுச் சுழற்சி போட்டு, காரணிகளுக்குள் 0.5 தொடர்பு என்று நீங்களே அட்டவணையில் காட்டிவிட்டு, ஆண்டர்சன்-ரூபின் எடுத்தால் அந்தத் தொடர்பு மதிப்பெண்களில் காணாமல் போய்விடும். கல்வி ஆய்வுகளில் இதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. காரணிகளின் தொடர்பை அப்படியே காப்பாற்ற வேண்டும் என்றால் ஆர் மென்பொருளில் டென் பெர்கே முறை இருக்கிறது.

ஆர், ஸ்டாட்டா, ஜமோவி போன்ற மற்ற மென்பொருள்களில்?

ஆர் மென்பொருளோடு வரும் 'ஃபேக்ட்அனல்' கட்டளை கேட்காமல் மதிப்பெண் தராது. ஸ்கோர்ஸ் என்ற இடத்தில் ரிக்ரெஷன் அல்லது பார்ட்லெட் என்று எழுத வேண்டும். வில்லியம் ரெவெல் உருவாக்கிய 'சைக்' தொகுப்பின் 'எஃப்.ஏ.' கட்டளைக்கு மூல விடைகளைக் கொடுத்தால் தானாகவே தரும். தொடர்பு அட்டவணையை மட்டும் கொடுத்தால் எதுவும் தர முடியாது, ஆட்களே இல்லையே. உறுதிசெய் காரணிப் பகுப்பாய்வு (எந்தக் கூற்று எந்தக் காரணிக்கு என்று முன்கூட்டியே சொல்லிச் சோதிப்பது) செய்பவர்களுக்கு 'லவான்' தொகுப்பில் 'லவ்பிரெடிக்ட்'. ஸ்டாட்டாவில் 'ஃபேக்டர்' ஓட்டியதும் 'பிரெடிக்ட்' என்று எழுதிப் புதிய பெயர்களைக் கொடுத்தால் ரிக்ரெஷன் மதிப்பெண் வரும். கமா போட்டு பார்ட்லெட் என்று சேர்த்தால் அது.

எஸ்பிஎஸ்எஸ் உரிமம் முடிந்துவிட்டது, பல்கலைக்கழகக் கணினிக் கூடத்துக்கு மெயின்லேண்டிலிருந்து பாலம் தாண்டி வர நேரமில்லை என்பவர்களுக்கு ஜமோவி நல்ல துணை. இலவசம், சுட்டியால் அழுத்தியே எல்லாம் செய்யலாம்.

வந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள்.

நான்கு கூற்றுகளுக்குப் பின்னால் ஒரு காரணியும், கூற்றுக்கு ஒன்றாக நான்கு தனிப் பங்குகளும் இருக்கின்றன. கையில் இருப்பது நான்கு பதில்கள், தேட வேண்டியவை ஐந்து. ஆகவே பதில்களிலிருந்து காரணியை ஒரே வழியில் மீட்க முடியாது. அதே தரவுக்கும் அதே லோடிங்குக்கும் பொருந்தும் வெவ்வேறு மதிப்பெண் தொகுதிகள் இருக்கலாம். எட்வின் வில்சன் 1928லேயே இதைச் சுட்டிக்காட்டிவிட்டார். 1955இல் லூயிஸ் கட்மன், அந்தத் தொகுதிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் விலகிப் போகலாம் என்பதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

நம் எடுத்துக்காட்டிலேயே பார்ப்போம். 3.634ஐ 4.634ஆல் வகுத்தால் 0.784. அதன் வர்க்கமூலம் 0.886, மதிப்பெண்ணுக்கும் உண்மைக் காரணிக்கும் உள்ள தொடர்பு அது (1 என்றால் இரண்டும் முழுக்க ஒத்துப்போகின்றன, 0 என்றால் ஒட்டே இல்லை). கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கட்மன் கணக்குப்படி 0.784ஐ இரட்டித்து ஒன்றைக் கழியுங்கள்: 0.57. அதாவது ஒரே அளவு தகுதியுள்ள இரண்டு மதிப்பெண் தொகுதிகள் தங்களுக்குள் 0.57 தொடர்பு மட்டுமே கொண்டிருக்கவும் இடமுண்டு. ஒன்றில் முதலிடத்தில் இருக்கும் மாணவர் இன்னொன்றில் நடுவில் இருக்கலாம்.

'சைக்' தொகுப்பில் வெளியீட்டின் அடியில் மூன்று வரிகளில் இவை தாமாகவே வரும். அந்த வரிகளை யாரும் படிப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். எஸ்பிஎஸ்எஸ்-இல் ஒற்றைக் காரணி என்றால் எளிய வழி ஒன்று உண்டு: ரிக்ரெஷன் முறையில் சேமித்த நெடுவரிசையின் திட்ட விலக்கத்தைக் கேளுங்கள். அதுவே மேலே வந்த 0.886க்குச் சமமான எண்.

மதிப்பெண்ணைக் காரணிக்குப் பதிலாகப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் இந்த எண் 0.90க்கு மேல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது வழக்கம். நம் நான்கு கூற்று வினாநிரல் அதைத் தொடவில்லை. நல்ல லோடிங் உள்ள கூற்றுகளைச் சேர்ப்பதுதான் வழி. 0.3 லோடிங்கில் பத்துக் கூற்று சேர்த்தால் மேலே வந்த 3.634 என்ற எண்ணில் 1கூட ஏறாது, 0.8 லோடிங்கில் ஒரே ஒரு கூற்று 1.78 ஏற்றிவிடும்.

அப்படியானால் அந்த இரண்டு பிள்ளைகளில் யாருக்கு ஆர்வம் அதிகம்?

சொல்ல முடியாது. 0.784ஐ 1இலிருந்து கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 0.46. அதுதான் ஒவ்வொரு ரிக்ரெஷன் மதிப்பெண்ணிலும் உள்ள திட்டப் பிழை. மாணவியின் 0.79க்கு 95 விழுக்காட்டு வரம்பு -0.12 முதல் 1.70 வரை. மாணவனின் 0.21க்கு -0.70 முதல் 1.12 வரை. இரண்டும் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன.

இருநூறு பிள்ளைகளின் தரவில் போக்கைப் பார்க்க இந்த மதிப்பெண் உதவும். ஆனால் ஒரு தலைமையாசிரியர் வந்து, "இந்தப் பட்டியலை வைத்து வாசிப்பு முகாமுக்கு முதல் இருபது பேரை எடுத்துக்கலாமா?" என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள். இருபதாவது பிள்ளைக்கும் இருபத்தொன்றாவது பிள்ளைக்கும் நடுவே இருப்பது பிழை மட்டும்தான். அதை வைத்து ஒரு குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுப் போகக் கூடாது.

சிலருக்கு மதிப்பெண்ணே வரவில்லை, வெறும் புள்ளிதான் இருக்கிறது.

அவர் ஏதோ ஒரு கூற்றுக்குப் பதில் போடவில்லை. எஸ்பிஎஸ்எஸ் வழக்கமாக, ஒரு பதில் விடுபட்டாலும் அந்த ஆளையே விட்டுவிடும். இருபது கூற்று, ஒவ்வொன்றிலும் 5 விழுக்காடு ஆங்காங்கே விடுபட்டிருந்தால் முழுமையாகத் தேறுபவர் 36 விழுக்காடுதான். 'ஆப்ஷன்ஸ்'இல் சராசரியை நிரப்பும் வசதி இருக்கிறது. ஒன்றிரண்டு இடத்துக்குச் சரி, அதற்கு மேல் போனால் எண்களின் பரவலைச் சுருக்கிவிடும். நிறைய விடுபட்டிருந்தால் விடுபட்டதைப் பல தடவை மதிப்பிட்டு நிரப்பும் பல்மடங்கு நிரப்பல் முறை, அல்லது இருக்கும் பதில்களை எல்லாம் பயன்படுத்தும், லவானில் உள்ள முழுத் தகவல் மேக்சிமம் லைக்லிஹுட். கூகள் ஃபார்மில் எல்லாக் கேள்வியையும் கட்டாயமாக்குவது தீர்வு ஆகாது; பிள்ளைகள் 3, 3, 3 என்று தட்டிவிட்டுப் போவார்கள்.

ஆர்வம் அதிகமுள்ளவர்களுக்கு மைனஸும் இல்லாதவர்களுக்கு பிளஸும் வருகிறது!

காரணிக்குத் திசை கிடையாது. எல்லா லோடிங்கும் மைனஸாக வந்திருந்தால் நெடுவரிசையை -1ஆல் பெருக்குங்கள், சரியாகிவிடும். சில கூற்றுகள் மட்டும் மைனஸ் என்றால் அவை எதிர்மறைக் கூற்றுகளா என்று பாருங்கள். 5 படி அளவுகோலில் 6இலிருந்து பதிலைக் கழித்தால் திருப்பியாகிவிடும். எடை தானே மைனஸாக வருவதால் காரணி மதிப்பெண்ணுக்குத் திருப்பாவிட்டாலும் பாதகமில்லை. கூட்டுத்தொகைக்குத் திருப்பியே ஆக வேண்டும்.

1 முதல் 5 வரை உள்ள பதில்களைத் தொடர் எண்களாக எடுத்துக்கொள்வது சரியா?

ஐந்து படிகளும் ஓரளவு பரவலாகப் பயன்பட்டிருந்தால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் நம் பிள்ளைகள் ஆசிரியர் மனம் நோகக் கூடாது என்று 4, 5 மட்டுமே போடுவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அப்படி ஒருபக்கமாகக் குவிந்தால் பாலிகோரிக் தொடர்பை (படிப்படியான பதில்களுக்கென்றே உள்ள தொடர்புக் கணக்கு) வைத்துப் பகுப்பாய்வு செய்யுங்கள். மதிப்பெண்ணுக்கு, ஃபுமிகோ சமெஜிமா 1969இல் வெளியிட்ட படிநிலை மாதிரி பொருத்தமாக இருக்கும். ஆர் மென்பொருளின் 'மிர்ட்' தொகுப்பில் இருக்கிறது. அதில் ஒவ்வொருவருக்கும் தனித்தனித் திட்டப் பிழை கிடைப்பது பெரிய வசதி.

பிள்ளைகளுக்குத் தமிழில், பெற்றோருக்கு மலாயில் வினாநிரல் கொடுத்தேன். இரண்டையும் ஒன்றாகப் போட்டு ஒப்பிடலாமா?

மலேசியாவில் இந்தக் கேள்வி வராத ஆய்வே இல்லை எனலாம். தமிழில் "விரும்பி வாசிக்கிறேன்" என்று இருப்பது மலாயில் "சுக்கா மெம்பாச்சா" என்று போயிருக்கும். "சுக்கா" என்பது அன்றாடம் வாயில் வரும் சாதாரணச் சொல். அதற்கு 5 போடுவது, "விரும்பி" என்பதற்கு 5 போடுவதைவிட எளிதாக இருந்துவிடலாம். அப்படி இருந்தால் மலாய்ப் படிவம் நிரப்பியவர்களின் மதிப்பெண் ஆர்வத்தால் ஏறவில்லை, மொழிபெயர்ப்பால் ஏறியது.

இதைச் சோதிக்க வழி உண்டு, அளவீட்டுச் சமநிலைச் சோதனை என்பார்கள். மூன்று படி. முதலில் இரு குழுவிலும் காரணி அமைப்பு ஒன்றா? அடுத்து லோடிங் ஒன்றா? கடைசியாக, ஒரே அளவு ஆர்வம் உள்ளவர்கள் இரு மொழியிலும் ஒரே அளவில் பதில் சொல்கிறார்களா? மூன்றாவதும் தேறினால்தான் குழுச் சராசரிகளை ஒப்பிட வேண்டும். லவானிலும் ஏமோஸ் மென்பொருளிலும் செய்யலாம். ஒரே ஒரு கூற்று மட்டும் சண்டை போட்டால் அதை மட்டும் தளர்த்தி விட்டுத் தொடரலாம். அதையும் எழுதிக் காட்டுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வினாநிரல், பெற்றோருக்கு வேறு கூற்றுகள் என்றால் ஒப்பீட்டுக்கே இடமில்லை. அவை இரண்டு தனிக் காரணிகள்.

திட்டத்துக்கு முன்னும் பின்னும் கேட்டேன். இரண்டு தடவையும் சராசரி 0. மாற்றமே இல்லையா?

இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். பட்டர்வொர்த் பக்கம் ஒரு பள்ளியில் ஒரு தவணை முழுக்க நடந்த வாசிப்புத் திட்டம். முன் தரவைத் தனியாக ஓட்டினேன், பின் தரவைத் தனியாக ஓட்டினேன். இரண்டு நெடுவரிசைகளின் சராசரியையும் ஒப்பிட்டு, வித்தியாசம் பூஜ்யம் என்று அறிக்கை கொடுத்துவிட்டேன். ஆறு மாதம் மதியம் தங்கி உழைத்த ஆசிரியை அந்தத் தாளைப் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து மூல எண்களைப் பார்த்த பிறகுதான் உறைத்தது: நான்கு கூற்றிலும் சராசரி ஏறியிருந்தது. ஒவ்வொரு ஓட்டமும் தன் சராசரியைத் தானே 0 ஆக்கிக்கொள்ளும் என்பதை நான் யோசிக்கவில்லை. மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பள்ளிக்குப் போய், திருத்திய தாளை அவர் கையில் கொடுத்தேன்.

சரியான வழி இது. முன் தரவை ஓட்டி, ஒவ்வொரு கூற்றின் சராசரி, திட்ட விலக்கம், எடை மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேலே டிக் போடச் சொன்ன எடை அட்டவணை இதற்குத்தான். பின் தரவில் ஒவ்வொரு பதிலிலிருந்தும் முன் சராசரியைக் கழித்து, முன் திட்ட விலக்கத்தால் வகுத்து, முன் எடையால் பெருக்கிக் கூட்டுங்கள். எக்செலே போதும். அப்போதுதான் இரண்டும் ஒரே அளவுகோலில் நிற்கும். பின்னால் புதிதாக வந்து சேர்ந்த ஐந்து மாணவர்களுக்கும் இதே வழிதான், அவர்களைச் சேர்த்துத் திரும்ப ஓட்டினால் பழைய எல்லாருடைய எண்ணும் மாறிவிடும்.

மதிப்பெண்ணைச் சேமித்து, அதை வைத்து அடுத்த ரிக்ரெஷன் (ஒன்று மாறினால் மற்றது எவ்வளவு மாறுகிறது என்ற கணக்கு) போடலாமா?

போடலாம், ஆனால் மதிப்பெண்ணின் பிழையும் கூடவே வரும், உறவின் அளவு மாறித் தெரியும். 2001இல் ஸ்க்ரொண்டாலும் லாக்கேயும் காட்டிய ஓர் எளிய விதி இருக்கிறது: காரணமாக நிற்கும் காரணிக்கு ரிக்ரெஷன் மதிப்பெண், விளைவாக நிற்கும் காரணிக்குப் பார்ட்லெட் மதிப்பெண். இரண்டு பக்கமும் காரணிகளே என்றால் காரணிகளையும் அவற்றின் உறவையும் ஒரே ஓட்டத்தில் மதிப்பிடும் கட்டமைப்புச் சமன்பாட்டு மாதிரிக்கு நேரடியாகப் போவது நல்லது, மதிப்பெண்ணே தேவைப்படாது.

ஸ்மார்ட்பிஎல்எஸ் மென்பொருளில் வரும் மதிப்பெண்ணும் இதுதானா?

இல்லை. அது கூற்றுகளை எடையிட்டுக் கூட்டிய தொகுப்பு எண். பயன் உண்டு, ஆனால் ஆய்வேட்டில் அதைக் காரணி மதிப்பெண் என்று எழுதாதீர்கள்.

ஆய்வேட்டில் எப்படி எழுதுவது?

கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தமிழிலேயே ஆய்வேடு எழுதுபவர்கள் இதை அதிகம் கேட்கிறார்கள். "காரணி மதிப்பெண்கள் எஸ்பிஎஸ்எஸ் மூலம் கணக்கிடப்பட்டன" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு வேறு யாரும் அதைத் திரும்பச் செய்ய முடியாது. இந்த மாதிரி எழுதலாம்:

"நான்கு கூற்றுகளும் பிரின்சிபல் ஆக்சிஸ் முறையில் பகுப்பாய்வு செய்யப்பட்டு ஒரு காரணி பெறப்பட்டது. லோடிங்குகள் 0.5 முதல் 0.8 வரை. மதிப்பெண்கள் ரிக்ரெஷன் முறையில் கணக்கிடப்பட்டன. காரணியோடு அவற்றின் தொடர்பு 0.89. ஒரு பதிலேனும் விடுபட்டவர்கள் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. இம்மதிப்பெண்கள் குழு அளவிலான ஒப்பீட்டுக்கு மட்டும் பயன்படுத்தப்பட்டன. கூற்றுகளின் சராசரி, திட்ட விலக்கம், எடை ஆகியவை பின்னிணைப்பில் உள்ளன."

அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதிவிட்டுப் பின்னிணைப்பில் அட்டவணையைப் போட மறந்துவிடுவார்கள். சமர்ப்பிக்கும் முன்பு அந்தப் பக்கத்தைத் திறந்து, நான்கு வரிசையும் நான்கு நெடுவரிசையும் இருக்கின்றனவா என்று பாருங்கள்: கூற்று, சராசரி, திட்ட விலக்கம், எடை. எடையை மூன்று தசம இடத்துக்கு எழுதுங்கள்.